பட்டாளம் விட்டு வருகிறவரைச் சபை எவ்வாறு ஏற்றுக்கொள்ள வேண்டும்?



இராணுவத்தில் பணியாற்றும் சகோதரருக்காக நம் சபைகளில் ஏறெடுக்கப்படும் ஜெபங்கள் அநேகம். எல்லையில் துப்பாக்கிச் சத்தம் கேட்டதாகச் செய்தி வந்தால், உபவாசக் கூட்டத்தில் அவர்களுடைய பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. விடுமுறையில் வந்தால் சாட்சி சொல்ல அழைக்கிறோம். ஆனால் அவர் சேவையை முடித்து, பெட்டி படுக்கையோடு நிரந்தரமாக வீடு வந்து சேர்ந்தவுடன், அந்தப் பெயர் ஜெபக் குறிப்பிலிருந்து நீங்கிவிடுகிறது. ஆபத்து கடந்துபோயிற்று என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அவருக்கும் அவருடைய குடும்பத்தாருக்கும் வேறொரு கடினமான காலம் அப்பொழுதுதான் ஆரம்பமாகிறது என்பதை அறியாதிருக்கிறோம். அந்தக் காலத்தில் சபை செய்ய வேண்டியது என்ன என்பதை இம்மாதம் சிந்திப்போமாக.

நம் தேசத்தில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 60,000 பேர் முப்படைகளிலிருந்து ஓய்வு பெறுகிறார்கள் அல்லது விடுவிக்கப்படுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் 35 முதல் 45 வயதுக்கு உட்பட்டவர்கள். மத்திய அரசு அலுவலகத்தில் பணிபுரிகிறவர் 60 வயதில் ஓய்வு பெறும்போது பிள்ளைகள் பெரும்பாலும் தலையெடுத்திருப்பார்கள். நாற்பது வயதில் பட்டாளத்தை விட்டு வருகிறவருக்கோ மூத்த மகள் பத்தாம் வகுப்பில் இருப்பாள். வீட்டுக் கடன் பாதிகூட அடைந்திராது. பெற்றோர் முதுமையில் இருப்பார்கள். இதற்கு ஓய்வு என்று பெயர் வைத்திருக்கிறோமேயன்றி, இதில் ஓய்வு எங்கே இருக்கிறது?

நம் நகரமும் பட்டாளமும்

திருவனந்தபுரத்தில் வாழும் நமக்கு இது தூரத்துச் செய்தியன்று. பாங்கோட்டில் இராணுவ முகாம் இருக்கிறது. ஆக்குளத்தில் 1984-ஆம் ஆண்டு முதல் விமானப் படையின் தெற்குப் பிராந்தியத் தலைமையகம் இயங்கி வருகிறது. பாங்கோடு மைதானம் குளச்சலின் பெயரைத் தாங்கி நிற்பதை நம்மில் அநேகர் கவனித்திருப்போம். 1741-இல் மார்த்தாண்ட வர்மாவின் சேனை டச்சுக்காரரை முறியடித்த அந்தக் குளச்சல் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் நாயர் படைப்பிரிவுகள் தேசம் விடுதலை பெற்றபின் இந்திய இராணுவத்தோடு இணைக்கப்பட்டு, மெட்ராஸ் ரெஜிமெண்டின் 9, 16-ஆம் பட்டாலியன்களாயின.

1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தபோது எல்லைக்கோடு களியக்காவிளையில் வந்து நின்றது. குடும்பங்களோ எல்லையின் இருபுறமும் பரவின. பிள்ளைகளின் படிப்பையும் மருத்துவ வசதியையும் முன்னிட்டு இந்நகரத்தில் வீடு வைத்து, சொந்த ஊரைக் குமரி மாவட்டத்தில் வைத்திருக்கும் பட்டாளத்துக் குடும்பங்கள் நம் நடுவில் உண்டு. இவர்கள் சந்திக்கும் இடறல்களில் சில, ஒரே மாநிலத்தில் பிறந்து அங்கேயே வாழ்கிறவர்களுக்கு இல்லாதவை.

வீட்டில் தரித்திருந்தவளின் பங்கு

முதலாவது வீட்டைக் குறித்துப் பேசுவோம். இருபது ஆண்டுகளாக அவர் வருடத்திற்கு இருமுறை வந்துபோகும் விருந்தாளியாக இருந்தார். ரேஷன் கார்டு, மின்கட்டணம், பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டம், மாமியாரின் வைத்தியம், கிணறு வற்றின கோடை ஆகிய அனைத்தையும் தாங்கினவள் மனைவி. அவள் ஒரு ஒழுங்கை உண்டாக்கி வைத்திருக்கிறாள். அவரோ அதிகாலையில் எழுந்து, மணியடித்தாற்போல் நடந்து, சொன்ன சொல்லுக்கு மறுசொல் இல்லாத இடத்திலிருந்து வருகிறார். ஹவில்தாராகவோ சுபேதாராகவோ இருந்தவருக்குத் தம் கீழ் இருந்த ஆட்களும் பொறுப்பும் ஒரே நாளில் இல்லாமற்போகின்றன. அந்த அதிகாரத்தை வீட்டில் செலுத்த முற்படும்போது, வளர்ந்த மகன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், மனைவி மௌனமாகிறாள். இதில் ஒருவரும் துன்மார்க்கர் அல்லர். இருவேறு ஒழுங்குகள் ஒரே கூரையின்கீழ் மோதுகின்றன.

சிக்லாகின் சம்பவம் 1 சாமுவேல் 30-ஆம் அதிகாரத்தில் எழுதப்பட்டிருக்கிறது. களைத்துப்போன இருநூறு பேர் பேசோர் ஆற்றண்டை சாமான்களோடு தங்கிவிட்டார்கள். போருக்குப் போய் வந்தவர்களில் சிலர் அவர்களுக்குப் பங்கு கொடுக்க மனதில்லாதிருந்தபோது, தாவீது அதற்கு இணங்கவில்லை. போனவனுக்கும் தங்கினவனுக்கும் சமபங்கு என்பதை இஸ்ரவேலில் நியாயப்பிரமாணமாகவே ஏற்படுத்தினான். பட்டாளத்துக் குடும்பங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் உண்டோ? எல்லையில் நின்றவருக்கு எவ்வளவு கனமோ, வீட்டில் தரித்திருந்தவளுக்கும் அவ்வளவு கனம் உண்டு. அவருக்குப் பொன்னாடை போர்த்தும் சபை அவளையும் அருகே நிறுத்தட்டும். வீட்டு நிர்வாகத்தை ஒரே நாளில் அவளிடமிருந்து வாங்கிக்கொள்ளாமல், முதலில் கூட இருந்து கற்றுக்கொள்ளும்படி சகோதரருக்கு மூப்பர்கள் ஆலோசனை கூறட்டும்.

உபாகமம் 24-ஆம் அதிகாரத்தில், புதிதாய் விவாகம் செய்தவன் ஒரு வருஷம் சேனைக்குப் போகாமல் வீட்டில் இருந்து மனைவியைச் சந்தோஷப்படுத்தும்படி கட்டளை இருக்கிறது. பட்டாளம் விட்டு வருகிறவருடைய வீட்டிலும் ஏறக்குறைய ஒரு புது விவாகமே தொடங்குகிறது. ஆகையால் முதல் வருஷத்தில் அவர்மேல் சபைப் பொறுப்புகளைச் சுமத்தாதிருப்பது நலம். கட்டுப்பாடு அறிந்தவர் என்பதற்காக வந்த மறுவாரமே அவரை வாகனங்களை ஒழுங்குபடுத்தவும், கன்வென்ஷன் பந்தலைக் காக்கவும் நிறுத்திவிடுகிறோம். அவர் தம் பிள்ளைகளோடு ஆராதனையில் உட்கார வேண்டிய நாட்கள் அவை.

கையில் வரும் பணம்

இரண்டாவது, பணம். சாதாரண சிப்பாய்க்கு 15 ஆண்டு சேவை இருந்தால் பென்ஷன் உண்டு. அதோடு கிராஜுவிட்டி, சேமநிதி, காப்பீட்டுத் தொகை ஆகியவை சேர்ந்து, ஆயுளில் அதுவரை கண்டிராத ஒரு பெருந்தொகை கணக்கில் வந்து விழும். பென்ஷனில் 50 சதவீதம் வரை விற்று மொத்தமாகப் பெற்றுக்கொள்ளவும் இடமுண்டு. இதைக் கம்யூட்டேஷன் என்கிறார்கள்.

இதன் கணக்கைச் சகோதரிகளும் அறிந்திருக்க வேண்டும். உதாரணமாக, அடிப்படைப் பென்ஷன் 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதியாகிய 12,000 ரூபாயை விற்றால், நாற்பது வயதை ஒட்டியவருக்கு ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகளின் தொகையாகிய சுமார் 13 லட்சம் ரூபாய் கைக்கு வரும். அதற்குப் பதிலாக 15 ஆண்டுகள் மாதந்தோறும் 12,000 ரூபாய் குறையும். மொத்தம் 21,60,000 ரூபாய். அதன்பின் முழுப் பென்ஷன் திரும்பக் கிடைக்கும். அகவிலை நிவாரணம் முழுப் பென்ஷனின்மேல் கணக்கிடப்படும் என்பது ஓர் ஆறுதல். அதிக வட்டிக் கடனை அடைக்கவோ, தேவையான வீட்டைக் கட்டி முடிக்கவோ இதைச் செய்கிறவர் ஞானமாய்ச் செய்கிறார். ஆனால் இது பரிசன்று. தம்முடைய வருங்கால ஆகாரத்தை முன்கூட்டி வாங்கிக்கொள்ளுதல் என்பதை மறக்கலாகாது. இந்த முடிவைப் பென்ஷன் விண்ணப்பத்தோடு, சேவையில் இருக்கும்போதே எடுப்பது வழக்கமாதலால், கணவனும் மனைவியும் கடைசி விடுமுறையிலேயே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

பணம் வந்த செய்தி வீட்டாருக்குத் தெரியுமுன்னே ஊராருக்குத் தெரிந்துவிடுகிறது. இரட்டிப்பாக்கித் தருகிறோம் என்கிறவர்களும், பதிவில்லாத சிட்டி நடத்துகிறவர்களும், பிளேடு கம்பெனிக்குக் கடன்பட்ட உறவினரும், கூட்டு வியாபாரத்திற்கு அழைக்கும் பழைய நண்பரும் வரிசையாக வருவார்கள். முதல் ஆறு மாதம் எந்தப் பெரிய தொகையையும் அசைப்பதில்லை என்று தீர்மானித்து, வங்கி வைப்பில் போட்டுவைப்பது பாதுகாப்பு.

இவ்விடத்தில் போதகர்களாகிய நம்மைக் குறித்தும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சபைக் கட்டட நிதிக்கு அந்தத் தொகையை நோக்கிக் கை நீட்டாதிருப்போம். புதிதாய் வந்தவருக்கு மறுத்துப் பேச மனம் வராது. தசமபாகம், காணிக்கை குறித்து அவர் மனதில் தீர்மானித்ததை அவர் செய்யட்டும். பிள்ளைகளின் கல்விக்கென்று இருக்கும் பணத்தைப் பிரசங்கத்தின் வேகத்தில் வாங்கிவிட்டு, பிறகு அக்குடும்பத்தின் வறுமைக்காக ஜெபிப்பது நமக்குத் தகாது.

காகிதங்களும் அலுவலகங்களும்

மூன்றாவது, ஆவணங்கள். பெரும்பாலான குடும்பங்கள் இழந்துபோகும் உரிமைகள் சட்டத்தினால் மறுக்கப்பட்டவை அல்ல. காகிதப் பிழையினால் தடைப்பட்டவையே.

டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. என்னும் பென்ஷன் ஆணை, ஆதார் ஆகியவற்றில் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றுபோல இருக்க வேண்டும். நம்மவருக்கு இதில் இரண்டு தனித் தொல்லைகள் உண்டு. தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னே போடும் நம் வழக்கத்தை ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு விதமாக விரித்து எழுதுகிறது. ஞானஸ்நானத்தின்போது வைத்த பெயரைச் சிலர் ஆதாரில் சேர்த்திருப்பார்கள். இராணுவப் பதிவேட்டிலோ மனைவியின் பழைய பெயர் நிற்கும். கணவர் உயிரோடிருக்கும்போது இது சிறு பிழையாகத் தோன்றும். அவர் மரித்தபின் குடும்பப் பென்ஷனுக்காக விதவை அலையும்போதுதான் அதன் பாரம் தெரியும். ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதி இப்பொழுதே சரிசெய்துகொள்ளுங்கள். பென்ஷன் கணக்கு இருவர் பெயரிலும் இருக்கட்டும்.

அடுத்து, ஜில்லா சைனிக் வெல்ஃபேர் ஆபீசில் பதிவு செய்ய வேண்டும். முன்னாள் படைவீரர் அடையாள அட்டைக்கும், வேலைவாய்ப்புப் பதிவுக்கும், பல உதவித் தொகைகளுக்கும் இதுவே வாசல். இந்த மாவட்டத்தின் அலுவலகம் வஞ்சியூரில் இருக்கிறது. மாநில இயக்ககம் விகாஸ் பவனில் இருக்கிறது. குமரி மாவட்டத்து முகவரியோடு வெளிவந்தவர் நாகர்கோவிலில் பதிவு செய்திருக்கக்கூடும். நிரந்தரமாக இங்கே குடியேறிவிட்டால் பதிவை மாற்றிக்கொள்ளலாம். மாநில அரசுகளின் சலுகைகள் வேறுபடுவதால், எந்த மாநிலத்தில் நிலைத்திருக்கப்போகிறோம் என்பதைத் தீர்மானித்து மாற்றுவது நல்லது.

பென்ஷன் வழங்கல் இப்பொழுது ஸ்பர்ஷ் என்னும் கணினி முறையின்கீழ் வந்திருக்கிறது. ஆண்டுக்கொருமுறை உயிருடன் இருப்பதை உறுதிசெய்யாவிட்டால் பென்ஷன் நின்றுபோகும். முதியவர்களுக்கு வாலிபர்கள் கைப்பேசியிலேயே முகத்தைப் பதிவுசெய்து இதை முடித்துக் கொடுக்கலாம். மருத்துவத்திற்கு 2003 ஏப்ரல் 1 முதல் இ.சி.எச்.எஸ். திட்டம் இருக்கிறது. நம் நகரத்தில் அதன் பாலிகிளினிக் உண்டு; அங்கிருந்து அனுப்பப்பட்டால், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம்.

பென்ஷனே இல்லாத முன்னாள் வீரர்களும் விதவைகளும் உண்டு. அவர்களில் 65 வயது கடந்து வருமானமற்றவர்களுக்குப் பாதுகாப்பு அமைச்சரின் நலநிதியிலிருந்து வழங்கப்படும் மாத உதவி, 2025 நவம்பர் முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 4,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. சபையில் அப்படிப்பட்ட ஒரு வயதான தாயார் இருக்கிறார்களா என்று மூப்பர்கள் விசாரிப்பார்களாக. வழக்கு ஏதேனும் இருந்தால், ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு கொச்சியில் இருக்கிறது. சைனிக் அலுவலகங்களில் இலவசச் சட்ட உதவி மையங்களை அமைக்கும் திட்டமும் 2025 ஜூலையில் தொடங்கப்பட்டது.

இவை யாவும் சொல்வதற்கு எளிது. ஆனால் இருபது ஆண்டுகள் இந்தி பேசி, தமிழில் வீட்டாரோடு உறவாடினவருக்கு இங்குள்ள மலையாள அறிவிப்புப் பலகையை வாசிக்கத் தெரியாது. கேட்கவோ கூச்சம். மலையாளம் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு வாலிபன் ஒருநாள் விடுப்பெடுத்து அவரோடு வஞ்சியூருக்குப் போவது மிகச் சிறந்த ஊழியமாகும்.

வேலை என்னும் கேள்வி

பட்டாளத்தார் என்றவுடன் காவலாளி உத்தியோகத்தையே ஊரார் நினைக்கிறார்கள். அது கௌரவமான வேலையே. கேரளத்தில் கெக்ஸ்கான், தமிழ்நாட்டில் 1986-இல் தொடங்கப்பட்ட டெக்ஸ்கோ ஆகிய அரசு நிறுவனங்கள் முன்னாள் வீரர்களைப் பணியமர்த்துகின்றன. மீண்டும் சீருடை அணிய விரும்புகிறவர்களுக்குக் கண்ணூரில் மையம் கொண்ட டிஃபென்ஸ் செக்யூரிட்டி கோர் இருக்கிறது. ஆயினும் வழி அதோடு முடிவதில்லை. மத்திய அரசின் சி பிரிவுப் பணிகளில் 10 சதவீதமும், பொதுத்துறை நிறுவனங்களிலும் தேசிய வங்கிகளிலும் அதே பிரிவில் 14.5 சதவீதமும் முன்னாள் வீரர்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. வங்கி எழுத்தர் தேர்வுக்கு ஆறு மாதம் அமைதியாகப் படிக்க ஓர் இடமும் ஊக்கமும் தேவை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று உறவினர் பேசும் பேச்சே அநேகரை அவசரமாக ஏதோ ஒரு வேலைக்குத் தள்ளிவிடுகிறது.

இராணுவத்தில் அவர் கற்ற தொழிலைக் கேட்டறியுங்கள். வாகனப் பழுது, மின்பணி, கணக்கு, பண்டசாலை நிர்வாகம், மருத்துவ உதவி, செய்தித் தொடர்பு ஆகிய எத்தனையோ தொழில்கள் அங்கே உண்டு. ஓய்வுக்குமுன் பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்ககம் பயிற்சி வகுப்புகளும் நடத்துகிறது. சபையில் கடையும் தொழிலகமும் வைத்திருக்கும் சகோதரர்கள், கூலி குறைத்துக் கேட்காமல், அவருடைய அனுபவத்திற்குரிய சம்பளத்தைக் கொடுத்து வேலைக்கு அழைக்கலாமே.

உறங்காத இரவுகள்

நான்காவது, மனதின் காயம். எல்லாரும் காயத்தோடு வருவதில்லை. சிலர் வருகிறார்கள். இரவில் திடுக்கிட்டு எழுவது, பட்டாசுச் சத்தத்திற்கு உடல் நடுங்குவது, காரணமின்றிச் சீறுவது, கூட்டத்தில் உட்கார முடியாமல் வாசலண்டை நிற்பது ஆகியவை விசுவாசக் குறைவினால் வருபவையல்ல. இவற்றை உடனே பிசாசின் கிரியை என்று தீர்த்துவிடவும் கூடாது. ஜெபியுங்கள், வைத்தியரிடமும் அழைத்துச் செல்லுங்கள். இந்நகரத்தில் ஊளம்பாறை என்ற ஊர்ப்பெயரையே ஏளனச் சொல்லாக்கி வைத்திருப்பதால், மனநல வைத்தியர் என்றாலே குடும்பங்கள் ஒளிந்துகொள்கின்றன. வீட்டிலிருந்தே பேச விரும்புகிறவர்கள் 14416 என்னும் டெலி மானஸ் இலவச எண்ணில் தமிழிலும் பேசலாம். 2022 அக்டோபரில் தேசமெங்கும் தொடங்கப்பட்ட அரசுச் சேவை அது.

மதுவைக் குறித்தும் வெளிப்படையாகப் பேச வேண்டும். கேன்டீன் கோட்டா சேவைக்குப் பின்னும் தொடர்கிறது. இரட்சிக்கப்பட்டு அதை விட்டவரிடம், உமக்கு வேண்டாவிட்டால் எங்களுக்கு வாங்கித் தாரும் என்று உறவினர் கேட்பதுண்டு. வெறுமையான பகலும், கையெட்டும் தூரத்தில் போத்தலும் சேர்ந்தால் நின்றவரும் தடுமாறக்கூடும். மனைவி கண்டிப்பதைவிட, அவரைப்போலவே பட்டாளத்தில் இருந்து தேறின ஒரு மூத்த சகோதரர் மாலைதோறும் அவரோடு நடந்துபோவது அதிகப் பலன் தரும். குடி நோயாகவே முற்றியிருந்தால், ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள விமுக்தி மையத்தில் சிகிச்சை உண்டு.

இனி வரப்போகிற வாலிபர்கள்

இந்தப் பொறுப்பு வரும் நாட்களில் பெருகும். 2022-இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களின் சேவை நான்கு ஆண்டுகள். அவர்களில் 25 சதவீதம் வரையிலானோரே நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படுவர். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவாநிதியோடு வெளிவருவார்கள். அவர்களுக்குப் பென்ஷனும் கிராஜுவிட்டியும் இல்லை. முதல் அணியினரின் நான்கு ஆண்டுகள் நிறைவடையும் காலம் 2026-இன் இறுதியும் 2027-இன் தொடக்கமும் ஆகும்.

வருகிறவர்கள் இருபத்தைந்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் வாலிபர்கள். திரும்பி வந்தவனைத் தோற்றுப்போனவனைப்போல ஊரார் பார்க்கக்கூடும். நான்கில் மூன்று பேர் வெளிவருவதே அத்திட்டத்தின் அமைப்பு என்பதைச் சபையார் முன்னதாகவே அறிந்திருந்தால், அந்த இளைஞனை எதற்காக வந்தாய் என்று கேட்கமாட்டார்கள். நின்றுபோன படிப்பைத் தொடரவும், சேவாநிதியை வாகனத்திலும் விழாக்களிலும் கரைத்துவிடாமல் காக்கவும் அவனுக்கு வழிகாட்ட வேண்டும்.

சபைகளுக்குச் சில ஆலோசனைகள்

1. சேவையில் இருக்கும் சகோதரர்களின் ஓய்வுத் தேதியை மூப்பர்கள் குறித்து வைத்திருங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே குடும்பத்தாரோடு பேசத் தொடங்குங்கள்.

2. ஏற்கெனவே ஓய்வு பெற்ற ஒருவரை, புதிதாய் வருகிறவருக்குத் துணையாக ஒரு வருஷத்திற்கு நியமியுங்கள்.

3. ஆவணங்களுக்கும் கணினி வேலைகளுக்கும் உதவ இரண்டு வாலிபர்களை ஏற்படுத்துங்கள்.

4. மனைவிமாரைத் தனியே சந்தித்துக் கேட்க ஒரு மூத்த சகோதரியை நியமியுங்கள்.

5. டிசம்பர் 7 கொடி நாளன்றும், ஜனவரி 14 முன்னாள் படைவீரர் நாளன்றும் மாலை போடுவதோடு நில்லாமல், சபையிலுள்ள விதவைகளின் பென்ஷன் ஒழுங்காக வருகிறதா என்று விசாரியுங்கள்.

பிரியமானவர்களே, பட்டாளத்திலிருந்து விடுவிக்கும் ஆணை ஒரே நாளில் கைக்கு வந்துவிடும். மனிதர் வீடு வந்து சேர்வதற்கோ சில ஆண்டுகள் செல்லும். அந்த ஆண்டுகளில் அவருடைய பெயரும், அவருக்காக இருபது ஆண்டுகள் காத்திருந்தவளுடைய பெயரும் உங்கள் ஜெபக் குறிப்பில் இருக்கட்டும். வருகிற ஓய்வுநாள் ஆராதனை முடிந்தவுடன், உங்கள் சபையில் அண்மையில் ஓய்வு பெற்று வந்த குடும்பத்தாரிடத்தில் சென்று, டிஸ்சார்ஜ் புக்கில் அம்மாவின் பெயர் சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். கர்த்தர் தாமே உங்கள் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.